"படம் இழுவையா?": சமீபத்தில் பார்த்த சில படங்கள், கூடப் பார்த்த சிலர்

ஒரு படம் எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போதெல்லாம் முதலில் வரும் பதில் வேகத்தைப் பற்றித்தான். "கொஞ்சம் இழுவை, ஆனா பாக்கலாம்" அல்லது "செம ஸ்பீடு, போனைக் கையில எடுக்கவே இல்ல." கதை, நடிப்பு எல்லாம் அதற்கு அப்புறம். கடந்த ஒன்றிரண்டு வருடங்களில் வந்த படங்களில் நான் பார்த்தவற்றை யோசித்தால், இந்த வேகக் கணக்கு எனக்குச் சரியாகவே வரவில்லை. எந்தப் படம், யாரோடு பார்த்தேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன். புதுப் படங்களின் முடிவை உடைக்க மாட்டேன்.

முதலில் கொட்டுக்காளி. 2024 ஆகஸ்டில் வந்தது, பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டதாக நம்பி, வீட்டார் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு சாமியாடியிடம் போகிறார்கள். கதை அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. இசை இல்லாத படத்தைத் தியேட்டரில் பார்ப்பது தனி அனுபவம். யாராவது செருமினால் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. என் பின் வரிசையில் சில இளைஞர்கள், சூரிக்காக வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஆரம்பத்தில் விடாமல் கமெண்ட் அடித்தார்கள். "ஏ, இந்த ஆட்டோ எப்பப்பா போய்ச் சேரும்?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரிக்க, எனக்கு எரிச்சல்.

நடுவில் ஒரு காளை வழியை மறித்துக்கொண்டு நிற்கும். வண்டிகளில் வந்த அத்தனை ஆண்களும் அதை நகர்த்த முடியாமல் திணறுவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். அந்த இடத்தில் பின் வரிசை சிரித்த சிரிப்பு வேறு. படத்தைக் கேலி செய்யும் சிரிப்பு இல்லை, படத்தோடு சேர்ந்து சிரித்தார்கள். அதன் பிறகு கமெண்ட் குறைந்துவிட்டது. சூரிக்குப் படம் முழுக்கத் தொண்டை கட்டியிருக்கும், கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருப்பார். அதிகாரம் செய்தே பழகிய ஆளுக்குக் குரல் எழும்பவில்லை. மீனாவாக வரும் அன்னா பென்னோ கிட்டத்தட்ட பேசுவதே இல்லை, ஆனால் மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை, பார்க்கிற நாம்தான் கோத்துக்கொள்ள வேண்டும். சுரேன் ஜி., அழகியகூத்தன் இருவரின் ஒலி வடிவமைப்பு இதற்குப் பெரிய துணை.

விளக்குப் போட்டதும், "என்னப்பா, முடிஞ்சிருச்சா?" என்று ஒரு குரல். எதிர்பார்த்ததுதான். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது அதே ஆட்கள், சூரி நடித்த பாண்டி அடுத்து என்ன செய்திருப்பான் என்று சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். வண்டி எடுக்கும் இடம் வரைக்கும் அது ஓயவில்லை. யாராவது கேட்டால் அவர்கள் "இழுவை" என்றுதான் சொல்லியிருப்பார்கள், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று ராத்திரி முழுக்கப் பேச அவர்களுக்கு அந்தப் படம் விஷயம் கொடுத்துவிட்டது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கால் கட்டப்பட்ட சேவலை மீனாவுக்குச் சமமாக வைத்ததை முதல் தடவையே புரிந்துகொண்டோம். திரும்பத் திரும்பக் காட்டியிருக்க வேண்டாம்.

மெய்யழகன் விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் நடந்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பிரேம்குமார் இயக்கிய படம், 2024 செப்டம்பர் 27-ல் வந்தது. வந்தபோது நீளம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். நீளம் என்று பேச்சு கிளம்பியதும் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். நான் முழு நீளத்தில் பார்த்தேன், அக்கா குறைத்த பிறகு பார்த்தாள். ஒரே படத்தின் இரண்டு வடிவத்தை ஒரே வீட்டுக்காரர்கள் பார்த்து ஒப்பிடுகிற வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

"கொறச்சும் எனக்கு நீளமாத்தாண்டி இருந்துச்சு" என்றாள் அக்கா. "கல்யாண மண்டபம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து பேசறாங்க பாரு, அங்க எனக்குக் கொட்டாவி வந்துருச்சு."

எனக்கு நேர்மாறாக, அந்த ராத்திரிதான் படமே. 1996-ல் சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி (அரவிந்த் சாமி), பல வருடம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறார். "அத்தான் அத்தான்" என்று ஒருவன் (கார்த்தி) உயிரை விடுகிறான். அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். இந்தச் சங்கடம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே? யாரோ கையைப் பிடித்துக்கொண்டு அன்பாக விசாரிப்பார், நாமும் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று பொதுவாகவே ஓட்டிக்கொண்டிருப்போம், மனசுக்குள் யார் இவர் என்று ஒரு பக்கம் தேடல் ஓடும். கார்த்தி எதைப் பற்றிப் பேசினாலும், அதில் பெயருக்கு ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்று நானும் அரவிந்த் சாமியோடு சேர்ந்து தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கே கொட்டாவி வரும்?

இதைச் சொன்னபோது அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பேரைப் பத்திக் கவலையே படல. அவரு எப்ப பஸ் ஏறுவாருன்னுதான் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். ஒரே காட்சியில் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அதற்காக அவள் காத்திருக்கவில்லை. காத்திருக்க ஒன்றுமில்லாதவருக்கு 18 நிமிடத்தை வெட்டினாலும் சரி, 50 நிமிடத்தை வெட்டினாலும் சரி, மிச்சம் நீளம்தான். ஆகவே அந்தக் கத்தரிப்பால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. படத்தை விரும்பியவர்களுக்குக் கொஞ்சம் போனது, விரும்பாதவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வேகத்துக்கு உதாரணமாக என் அலுவலகத் தோழி காட்டுவது மகாராஜாவை. நித்திலன் சாமிநாதன் இயக்கிய, விஜய் சேதுபதியின் 50-வது படம். முடிதிருத்தும் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், என் குப்பைத் தொட்டியைக் காணோம், பெயர் லட்சுமி, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். அங்கிருந்து கதை எங்கேயோ போகிறது. "ஒரு நிமிஷம் நகர விடலப்பா" என்பாள். உண்மைதான். ஆனால் ஓட்டத்தைப் பார்த்தால் அது ஒன்றும் பறக்கிற படம் இல்லை. காவல் நிலையத்தில் அவர் அதே கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வார், வேறு படமாக இருந்தால் எழுந்து போயிருப்போம். காலத்தைக் கலைத்து அடுக்கியிருக்கிறார்கள், கலைந்திருப்பதே தெரியாதபடி. இரண்டாம் தடவை பார்த்தால் தெரியும். பிலோமின் ராஜின் படத்தொகுப்பு அந்த விஷயத்தில் அபாரம்.

அதே படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்கான வெடிமருந்தாக ஒளித்து வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. அதிர்ச்சி நமக்கு, வலி அவளுக்கு. அந்த வலிக்குப் படம் ஒதுக்கும் நேரம் ரொம்பக் குறைவு. தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஆளு மேல அவ்வளவு கோவம் வந்திருக்காது" என்றாள். இருக்கலாம். ஆனால் என் கோபத்தில் பாதி கதை சொன்னவர் மேல் போனது.

லப்பர் பந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் இழுவை என்று சொல்லிக் கேட்கவில்லை. மாமனாருக்கும் மருமகனுக்கும் கிரிக்கெட் பகை, அதற்குள்ளேயே யாரை அணியில் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்கிற சாதிக் கணக்கு. தமிழரசன் பச்சமுத்து இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

பறந்து போ வேறு மாதிரி ஆச்சரியம். தங்க மீன்கள், பேரன்பு எடுத்த ராம் படம் என்பதால் அழுகைக்குத் தயாராகப் போனால், மிர்ச்சி சிவாவும் ஒரு சின்னப் பையனும் வண்டியில் ஊர் சுற்றுகிறார்கள். 2025 ஜூலையில் வந்தது. பாடல்கள் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும், சில இடங்களில் போதும் என்று தோன்றியது. பையனோ அடங்கவே மாட்டான். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அப்பா தன் பையனிடம், "இதைப் பாத்துட்டு வீட்ல வந்து ஆரம்பிச்சிராதடா" என்று சொன்னது பாதித் தியேட்டருக்குக் கேட்டது.

கடைசியாக, புதுப் படம் இல்லாத ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 12 ஆங்க்ரி மென் போட்டேன். 1957-ல் வந்த சிட்னி லூமெட் படம். கறுப்பு வெள்ளை, 96 நிமிடம், கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைக்குள். அவன் முதலிலேயே நிபந்தனை போட்டான்: "பத்து நிமிஷம் பாப்பேன். போரடிச்சா எந்திரிச்சிருவேன், திட்டக் கூடாது." கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் பேசிப் பார்ப்போமே என்கிறார். அந்த ஒருவர் தன் பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜையில் குத்தும் காட்சி வந்ததும் அவன் கால்மடித்து உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில், குற்றவாளிதான் என்று அடம்பிடிக்கும் மூன்றாம் ஜூரியோடு வாயைக் கொடுக்க ஆரம்பித்தான், திரையைப் பார்த்து.

முடிந்த பிறகு ஒரு தகவல் சொன்னேன். லூமெட் முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண் மட்டத்திலும், கடைசிப் பகுதியைக் கீழிருந்தும் எடுத்திருக்கிறார். போகப் போக லென்சின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போனார். அதனால் கடைசியில் கூரை தெரிய ஆரம்பிக்கும், சுவர்கள் நெருங்கி வந்த மாதிரி இருக்கும். அவன் நம்பவில்லை. ரிமோட்டை வாங்கி, ஆரம்பத்தையும் முடிவையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுச் சரிபார்த்தான். "சரி, நிஜம்தான்" என்றான். பதினேழு வயதில் அம்மா சொன்னதை ஒத்துக்கொள்வது லேசான காரியமா?

இந்தத் தைரியத்தில் அவனுக்கு அடுத்து பெர்ஃபெக்ட் டேஸ் போடலாமா என்று யோசிக்கிறேன். விம் வெண்டர்ஸ் 2023-ல் எடுத்தது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்கள், ஒன்று போல இன்னொன்று. அந்த வேடத்துக்காக கோஜி யகுஷோ கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். கடைசியில் வண்டி ஓட்டும் அவர் முகத்தை மட்டும் நெடுநேரம் காட்டுவதற்காகவே பார்க்கலாம். ஆனால் நடுவில் நானே நெளிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இரவும் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கனவுகள் இல்லாவிட்டால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அக்காவிடம் இந்த யோசனையைச் சொன்னேன். "பையனுக்கு வேணாம், ஓடிருவான்" என்றாள். அப்புறம், "எதுல இருக்குன்னு சொல்லு, நான் பாக்கறேன்."