பஸ்ஸில் பை போன அன்று எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

சித்தி (கும்பகோணம்): எல்லோருக்கும் ஒரு விஷயம். திருவாரூர் பஸ்ஸில் பாப்பாவின் பை போய்விட்டது. லேப்டாப், போன் இரண்டும் அதில்தான். முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, தலைக்கு மேல் வைத்திருந்த பை குடவாசல் தாண்டிப் பார்த்தால் இல்லை. அவள் பத்திரமாக இருக்கிறாள். அந்த நம்பருக்கு யாரும் போன் போடாதீர்கள்.

மாமா (பாபநாசம்): அடப்பாவமே. கவலைப்படாதே தங்கச்சி, ஐ.எம்.இ.ஐ நம்பரைக் கொடுத்தால் போலீஸ் ஒரே நிமிஷத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.

நான்: சித்தி, முதலில் சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பேங்க், ஜிபே எல்லாம் அந்த நம்பரில்தானே இருக்கிறது. பணம் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள்.

சித்தி (கும்பகோணம்): சிம் நிறுத்தியாயிற்று. பணம் போகவில்லை.

நான்: நல்லது. மாமா, நீங்கள் சொல்வது பாதிதான் சரி. ஐ.எம்.இ.ஐ என்பது போனுக்குள் இருக்கும் 15 இலக்க எண். அது தானாக யாருக்கும் இடத்தைக் காட்டாது. சிம் போட்டு டவரோடு பேசும்போதுதான் எந்தப் போனில் எந்த சிம் ஓடுகிறது என்று சிம் கம்பெனியின் பதிவில் விழும். எடுத்தவன் அணைத்து ஆறு மாதம் பெட்டியில் போட்டுவிட்டால், இல்லை சிம்மே போடாமல் வைஃபையில் மட்டும் வைத்திருந்தால், பார்க்க எதுவும் இருக்காது.

அண்ணன் (மன்னார்குடி): போன் முழுசாக இருந்தால்தான் இந்தப் பேச்சே. சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் சொல்கிறேன், நிறையப் போன்கள் பார்ட்ஸாகப் பிரிந்துவிடுகின்றன. ஐ.எம்.இ.ஐ எண் இருப்பது உள்ளே இருக்கும் போர்டில். டிஸ்ப்ளே, கேமரா, பேட்டரி எல்லாம் வேறு யாருடைய போனிலோ ஏறிவிட்டால் அது இவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பில் இல்லாமல் பார்ட்ஸுக்கு எடுத்துக்கொள் என்று என்னிடமே கொண்டுவருகிறார்கள், நான் தொடுவதில்லை. ஆனால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் திருடுகிறார்கள். எண்ணையே மாற்றித் தருகிறவர்களும் உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம், அப்படியும் நடக்கிறது.

சித்தி (கும்பகோணம்): ஸ்டேஷனுக்குப் போனோம். பஸ் ஏறினது ஒரு மாவட்டம், காணோம் என்று தெரிந்தது இன்னொரு மாவட்டம், எங்கே போனது என்று உங்களுக்கே தெரியவில்லையே, இது எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், ரசீது தருகிறோம் என்கிறார்கள்.

நான்: அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள் சித்தி. எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இடத்தில்தான். நம் ஊரில் திருடு போன பொருள் கிடைக்காமல் போவதற்குக் கருவியில் உள்ள குறையை விட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தொலைந்தது என்று எழுதிவிட்டால் அங்கே குற்றமே நடக்கவில்லை, குற்றம் இல்லையென்றால் திருடனைத் தேட வேண்டிய வேலையும் யாருக்கும் இல்லை. ரசீதை வைத்துப் போனை பிளாக் செய்யலாம், அதாவது நெட்வொர்க்கில் ஓடாமல் தடுக்கலாம், அதோடு சரி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், பி.என்.எஸ்.எஸ் 173ஆம் பிரிவில், எங்கே நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று இருக்கிறது. ஆன்லைனில் அனுப்பினாலும் ஏற்க வேண்டும், 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பஸ்ஸில் பையோடு போனது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மாமா (பாபநாசம்): அவர்களையும் குறை சொல்ல முடியாது. தேர், திருவிழா, பந்தோபஸ்து என்று ஆளே இருப்பதில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு வேறு மாநிலம் வரை யார் போவது?

நான்: அது உண்மைதான் மாமா. சிக்னல் வந்தாலும் நேரில் போய் எடுத்துவர ஓர் ஆள் வேண்டும். போன் நாட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் மோசம், இங்கே பிளாக் செய்தது இங்குள்ள நெட்வொர்க்கில்தான் செல்லும்.

மாமா (பாபநாசம்): லேப்டாப்புக்கு என்ன வழி? இன்டர்நெட்டில் போட்டால் ஐபி அட்ரஸ் தெரியும் என்கிறார்களே?

நான்: லேப்டாப்தான் எனக்கும் கவலை. அதற்கு ஐ.எம்.இ.ஐ கிடையாது. சீரியல் நம்பர் உண்டு, ஆனால் போனுக்கு இருப்பது போல அதைப் பதிந்து நாடு முழுவதும் தடுக்க ஒரு இடம் இல்லை. வைஃபை கார்டின் எண் வீட்டு ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டால் அவள் கணக்கோடு இருந்த தொடர்பும் அறுந்துவிடும். ஐபி, அதாவது இணையத்தில் இணைப்புக்குக் கிடைக்கும் முகவரி எண், கிடைத்தாலும், செல்போன் நெட்டில் ஒரே ஐபியைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே ஐபியில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இருந்தால்தான் யார் என்று கம்பெனியால் சொல்ல முடியும், அதையும் போலீஸ் கேட்டால்தான் கொடுப்பார்கள். எஸ்.பி. அலுவலகத்தில் மீட்ட பொருள்களை அடுக்கி உரியவர்களிடம் கொடுக்கும் படம் பேப்பரில் வருகிறதே, அதில் மேசை முழுக்கப் போன்களாக இருப்பது இதனால்தான்.

தங்கை (பாப்பா): அண்ணா, அம்மா போனிலிருந்து எழுதுகிறேன். என் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. கூகுள் கணக்கில் பார்த்தேன், லேப்டாப் கடைசியாகக் காலையில் நம் வீட்டில் ஓடியதுதான் காட்டுகிறது. போன் பெட்டியும் கிடைக்கவில்லை.

நான்: பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை பாப்பா. கூகுளின் போன் தேடும் பக்கத்தில் உன் போன் பெயருக்குப் பக்கத்தில் தகவல் குறியைத் தொட்டுப் பார், ஐ.எம்.இ.ஐ இருக்கும். அதே நேரத்தில் எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு, பாஸ்வேர்டுகளை மாற்று. வாங்கின கடையில் பில் நகல் கேள், லேப்டாப் சீரியல் நம்பரும் அதில் இருக்கலாம், புகாரில் எழுது. அப்புறம் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கு. புது சிம்மில் எஸ்.எம்.எஸ் வர 24 மணி நேரம் ஆகலாம், ஓ.டி.பி வந்த பிறகுதான் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பிளாக் கோரிக்கை போட முடியும். புகார் நகல், அடையாள அட்டை இரண்டும் வேண்டும், பில் இருந்தால் அதையும் சேர். அதற்கு மேல் யாராவது அதில் சிம் போட்டால் தகவல் போலீசுக்குப் போகும்.

அண்ணன் (மன்னார்குடி): பிளாக் செய்தால் தேட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், நம்பாதே. செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்களும் கேளுங்கள், கே.ஒய்.எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐ.எம்.இ.ஐ எண்ணைப் போட்டு 14422க்கு அனுப்பினால் பிளாக் ஆன போனா என்று பதில் வரும். வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைப் பார்த்தால் திருட்டுப் போனுக்கு விலையே இருக்காது.

சித்தி (கும்பகோணம்): சரி தம்பி. நாளைக் காலை உங்கள் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறோம். அந்தப் பிரிவு எண்ணைத் தனியாக ஒரு தடவை அனுப்பு.

நான்: பி.என்.எஸ்.எஸ் 173. எல்லோரும் இன்றே *#06# அடித்து உங்கள் போனில் வரும் ஐ.எம்.இ.ஐ எண்ணை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

மாமா (பாபநாசம்): எனக்கு இரண்டு நம்பர் வருகிறதே, எதை எழுத?

நான்: இரண்டு சிம் போன் மாமா, இரண்டையும் எழுதுங்கள். பிளாக் செய்யும்போது இரண்டும் வேண்டும்.