பென்ஸ் 280ஈ: சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, ஏர்கான் போட்டா ஊசி ஏறுது

சிப்புட்280
மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன். 1983 பென்ஸ் 280ஈ, டபிள்யூ123 பாடி, எம்110 இஞ்சின், ஆட்டோ கியர். காலையில் சாவியைத் திருப்பினதும் எடுக்குது. பாசாரில் இருபது நிமிஷம் நிறுத்திட்டு வந்தா பத்துப் பதினைந்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுத்தணும். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நொண்டுது. ஏர்கானோடு ஈப்போ ஜாமில் நின்னா இஞ்சின் சூடு காட்டுற ஊசி 100ஐத் தாண்டுது. இங்கே பொமென் (மெக்கானிக்) ஃபியூல் டிஸ்ட்ரிபியூட்டரையே, அதாவது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரிச்சு அனுப்புற சாமானையே, மாத்தணும்னு சொல்றார். மாத்தலாமா? வருஷத்துக்கு என்னென்ன செலவு வரும்னும் சொல்லுங்க அண்ணே.

கேஜெட்_கிறுக்கு
தம்பி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீங்க. அந்தக் காரில் இருக்கிற விலை கூடின சாமான்களில் அது ஒண்ணு, நீங்க சொல்ற குறைக்கு அது காரணமா இருப்பது அபூர்வம்.

உங்க காரில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக்னு சொல்ற மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்ஷன். இஞ்சினை நிறுத்தின பிறகும் பெட்ரோல் குழாய்க்குள்ளே பிரஷர் நிக்கணும். நிக்கலைன்னா, நம்ம ஊர் வெயிலும் இஞ்சின் சூடும் சேர்ந்து குழாயில் இருக்கிற பெட்ரோலை ஆவியாக்கிடும். அந்த ஆவியைத் தள்ளி முடிக்கத்தான் பத்து வினாடி சுத்த வேண்டியிருக்கு. நொண்டுறதும் அதனால்தான். ராத்திரி முழுக்க ஆறினா ஆவி அடங்கிடும், காலையில் எந்தக் குறையும் தெரியாது.

முதல் வேலை பிரஷர் கேஜ். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் (இஞ்சின் சூட்டுக்கு ஏத்த மாதிரி பிரஷரை மாத்துறது) நடுவில் மாட்டுங்க. குழாய்த் திருகி (மூடித் திறக்கிற வால்வு) உள்ள கேஜா இருக்கணும், திருகி ரெகுலேட்டர் பக்கம் வரணும். திருகியை மூடி ஓட விட்டா சிஸ்டம் பிரஷர் சுமார் 5 பார் காட்டணும். திறந்து, இஞ்சின் நல்லா சூடானதும் 3.5 பார் பக்கம் நிக்கணும். அப்புறம் இஞ்சினை நிறுத்திட்டு கடிகாரத்தைப் பாருங்க. இருபது நிமிஷத்தில் 2 பாருக்குக் கீழே போனா கசிவு இருக்கு.

கசிவு எங்கேன்னு பிரிச்சுப் பார்க்கிறது இப்படி. திருகியை மூடி அதே சோதனை. இப்போ பிரஷர் நின்னா கசிவு ரெகுலேட்டர் பக்கம். அப்பவும் இறங்கினா காருக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால, பிளாஸ்டிக் மூடிக்குள்ளே பம்பும் ஃபில்டரும் அக்யுமுலேட்டரும் (பிரஷரைத் தாங்கி வைக்கிற டப்பா) ஒண்ணா இருக்கும். அக்யுமுலேட்டரின் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டுங்க. அதிலிருந்து பெட்ரோல் சொட்டினா உள்ளே இருக்கிற டயாஃப்ராம் கிழிஞ்சாச்சு. அங்கே காய்ஞ்சிருந்தா அடுத்து பம்பின் வெளிவாயில் இருக்கிற செக் வால்வு (பெட்ரோலைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு). இது சின்ன சாமான், மாத்த அரை மணி நேரம். அதுவும் நல்லா இருந்தா ஆறு இன்ஜெக்டரையும் வெளியே எடுத்து முனையைப் பாருங்க. நிறுத்தின பிறகு சொட்டக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரில் கடைசியாப் பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கிற பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங். அந்த ரப்பர் வளையத்துக்காக முழு சாமானையும் மாத்துறவங்க இருக்காங்க.

ஹோஸைக் கழட்டுமுன் டேங்க் மூடியைத் திறந்து வைங்க, மூட்டில் துணி சுத்துங்க, பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோல் பீய்ச்சினா அப்புறம் பேச எதுவும் இல்லை.

இன்னொண்ணு. 3 மில்லி ஆலன் கீயோடு யாராவது ஏர் மீட்டர் (உள்ளே போற காற்றை அளக்கிறது) பக்கம் வந்தா தடுங்க. அங்கே இருப்பது காற்று-பெட்ரோல் கலவையை மாத்துற திருகு. சூட்டில் ஸ்டார்ட் ஆகலைன்னு அதைத் திருப்பினா, அப்புறம் காலை ஸ்டார்ட்டும் கெட்டுப் போகும். காற்று எங்கேயாவது திருட்டுத்தனமா நுழையுதான்னு பார்க்க எளிய வழி இருக்கு: ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறங்க. இஞ்சின் சத்தம் மாறணும். மாறலைன்னா ஏற்கெனவே எங்கோ ஓட்டை இருக்கு, பெரும்பாலும் ஏர் மீட்டர் பக்கத்து ரப்பர் பூட் வெடிச்சிருக்கும்.

ஏர்கான்_பட்டறை
சூட்டுக்கு நான் சொல்றேன். இஞ்சின் சூடா இருக்கும்போது நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, விசிறியைக் கையால் சுத்துங்க. லேசா சுத்திக்கிட்டே போனா விசிறியை இஞ்சினோடு பிடிக்கிற விஸ்கஸ் கப்ளிங்கில் சிலிக்கான் எண்ணெய் தீர்ந்துடுச்சு. சூட்டில் அது இறுகி நிக்கணும். ஏர்கான் கண்டென்சருக்கு முன்னால இருக்கிற எலக்ட்ரிக் ஃபேன் ஏர்கானில் ஓடுதான்னும் பாருங்க.

ரேடியேட்டர் மாத்தலைன்னா மேல் ஹோஸ் மாட்டுற பிளாஸ்டிக் கழுத்தை நல்லாப் பாருங்க. வயசானா சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதைவிட மோசம், கியர் எண்ணெய் ஆறும் குழாய் இதே ரேடியேட்டருக்குள்ளே போகுது. அது உள்ளே ஓட்டையானா கியர் எண்ணெய் சிராப் பண்டுங் (பால் கலந்த ரோஜா பானம்) நிறத்துக்கு மாறும், கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுகளின் உரசுற பூச்சு கழண்டு போகும். கியர் டிப்ஸ்டிக்கை வாரம் ஒரு தடவை வெள்ளைத் துணியில் துடைச்சுப் பாருங்க. ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு, அதனால் பைப் தண்ணி ஊத்தாதீங்க. பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்ட் தண்ணி.

ஏர்கான் இந்த வயசு காரில் ஆர்-12ங்கிற பழைய கேஸுக்குச் செஞ்சது. புது கேஸ் ஆர்-134ஏ அடைக்கும்போது பழைய மினரல் எண்ணெயை முழுசாக் கழுவி எடுத்து, எஸ்டர் எண்ணெய் ஊத்தி, ஈரம் உறிஞ்சுற ட்ரையரும் ஓ-ரிங்கும் மாத்தணும். மினரல் எண்ணெய் ஆர்-134ஏ கூடக் கலக்காது. கம்ப்ரசருக்குத் திரும்பி வராது, கம்ப்ரசர் காஞ்சு இறுகிடும். பழைய கேஸ் எடையில் 80 இலிருந்து 90 விழுக்காடு அடைச்சாப் போதும். கூட அடைச்சா ஹை சைடு பிரஷர் ஏறும், உங்க ஊசியும் சேர்ந்து ஏறும்.

செம்மண்_ரோடு
செலவு. மேற்கு மலேசியாவில் தனியார் சலூன், 2746 சிசி. ரோட் டேக்ஸ் அடிப்படை 880 வெள்ளி (ரிங்கிட்), 2500க்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 2.50, அதாவது 246 சிசிக்கு 615. மொத்தம் 1,495 வெள்ளி. இதே பாடியில் 230ஈயா இருந்தா 679தான். இன்சூரன்ஸ் அக்ரீட் வேல்யூவில் (முன்கூட்டியே பேசி வச்ச மதிப்பு) எடுங்க, மார்க்கெட் வேல்யூவில் எடுத்தா மோதும்போது கொஞ்சம்தான் கிடைக்கலாம்.

இஞ்சின் ஆயில் ஃபில்டரோடு சுமார் ஆறு லிட்டர், 20டபிள்யூ-50. வால்வ் கிளியரன்ஸ் ஆறின இஞ்சினில் இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.25 மில்லி. இது தானா சரியாகிற ஹைட்ராலிக் இல்லை, கையால் சரி பண்ண மறந்தா டப் டப்னு கேட்கும். பெட்ரோல் 97 போடுங்க. ஏத்தத்தில் கணகணன்னு தட்டினா டைமிங்கைச் சரி பண்ணுங்க. தோட்டத்து செம்மண் ரோட்டில் ஓட்டுறவங்க ஏர் ஃபில்டரை புத்தகக் கணக்குக்குக் காத்திருக்காம மாத்தணும். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இலை அடைச்சா தண்ணி தேங்கித் துரு பிடிக்கும், அங்கே கையை விட்டு வழிக்கணும். ஜாக்கி துளைகளையும் குத்திப் பாருங்க.

சிப்புட்280
கேஜ் மாட்டியாச்சு. ஓடும்போது சிஸ்டம் 5.1. நிறுத்தின ஆறு நிமிஷத்தில் சுழியம், திருகி மூடினாலும் அதேதான். அக்யுமுலேட்டர் ரிட்டர்ன் ஹோஸ் காய்ஞ்சிருக்கு. இன்ஜெக்டர் இன்னும் எடுக்கலை.

கேஜெட்_கிறுக்கு
அப்போ இன்ஜெக்டரை எடுக்கிறதுக்கு முன்னாடி செக் வால்வைப் பாருங்க. உறுதி பண்ணிக்க, இஞ்சினை நிறுத்தினதும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற தடிச்ச ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் நசுக்குங்க. பிரஷர் நின்னா அதே வால்வுதான். அந்த ஹோஸ் நாப்பது வருஷ ரப்பரா இருந்தா நசுக்கும்போதே வெடிக்கும். புது ஹோஸை வாங்கி வச்சுக்கிட்டு வேலையைத் தொடங்குங்க தம்பி. வால்வுக்கு இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.