முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டபத்துக்குள் ஓடியாடும் குழு விளையாட்டுகள்: ஆலோசனை தேவை

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, வெள்ளவத்தை

வணக்கம். நான் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். வகுப்பில் 18 பேர். எங்களுக்கு முற்றம் இல்லை, மாபிள் பதித்த நடுத்தர மண்டபம் ஒன்றே இருக்கிறது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் தொடர்மாடி வீடுகளிலிருந்து வருவதால், ஓடுவதற்கான இடம் அவர்களுக்கு வீட்டிலும் கிடைப்பதில்லை. மூன்று, நான்கு வயதினர் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவுடன் இருக்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு அமைய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. அதில் ஒரு நல்ல பங்கையாவது காலையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

சங்கீதக் கதிரை, குலை குலையாய் முந்திரிக்காய், கொக்கு பற பற ஆகியவற்றை விளையாடுகிறோம். ஆனால் ஆட்டமிழந்த பிள்ளைகள் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் வெளியேறுவது பெரும்பாலும் உடலசைவு குறைந்த பிள்ளைதான்; அதிகம் ஓட வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் அசையக்கூடிய விளையாட்டுகளை அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, இந்த விளையாட்டுகள் எதையும் கைவிட வேண்டாம், விதியை மட்டும் மாற்றுங்கள். சங்கீதக் கதிரையில் கதிரையை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கதிரைகள் மாபிளில் வழுக்கிப் போகும் என்பதால், நிலத்தில் வெண்கட்டியால் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வட்டத்தை அழித்துக்கொண்டு வாருங்கள். இறுதியில் மிஞ்சும் இரண்டு மூன்று வட்டங்களுக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஒரு காலையாவது உள்ளே வைத்துவிட வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் முண்டியடிக்கும்போது எழும் சிரிப்பைக் கேட்டால், ஒருவர் மட்டும் வெல்லும் ஆட்டத்துக்கு நீங்கள் திரும்பிப் போகமாட்டீர்கள். வட்டங்களுக்குப் பதிலாகப் பத்திரிகைத் தாள் விரிக்க வேண்டாம், அதுவும் வழுக்கும்.

கொக்கு பற பறவில் ‘ஆடு பற’ என்றதும் கையை அசைத்த பிள்ளையை வெளியேற்றுவதற்குப் பதிலாக, ஆடு என்றால் எல்லோரும் துள்ள வேண்டும், தவளை என்றால் குந்தியிருந்து பாய வேண்டும், பாம்பு என்றால் நெளிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். குலை குலையாய் முந்திரிக்காய்தான் சற்றுச் சிக்கலானது, ஏனெனில் 18 பேர் ஒரே வட்டத்தில் இருந்தால் இருவர் ஓட, 16 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, நடுவில் நல்ல இடைவெளி விட்டு மூன்று வட்டங்கள் போடுங்கள்.

பதில் 2: ஒரு தாய், தெஹிவளை

என் மகளின் முன்பள்ளியில் விளையாடும் கரையோர ரயில் எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. மண்டபத்தின் மூலைகளுக்குக் கோட்டை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை என்று பெயர் வைத்து, ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வேலை கொடுப்பார்கள். கோட்டையில் இறங்கினால் காலிமுகத்திடலில் பட்டம் விடுவது போலப் பின்னோக்கி நடக்க வேண்டும்; தெஹிவளையில் மிருகக்காட்சிச்சாலை இருப்பதால் யானையாகவோ குரங்காகவோ மாற வேண்டும்; கல்கிசையில் அலை வரும்போது குதிக்க வேண்டும். ஆசிரியை பச்சைத் துணியைக் காட்டினால் ஓட்டம், சிவப்பைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தோளைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள் என்பதால், ஒவ்வொரு பிள்ளையும் தனி ரயிலாகவே ஓடுகிறது. தமிழ் அதிகம் பேசாத பிள்ளைகளுக்கும் நிலையப் பெயர்கள் தெரிந்திருப்பது இதில் ஒரு வசதி.

பதில் 3: முன்னாள் உடற்கல்வி ஆசிரியர், பம்பலப்பிட்டி

மேலே சகோதரிகள் கூறியவை நல்லவை. பாதுகாப்புக் குறித்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். ‘சுவரைத் தொட்டுவிட்டு ஓடி வா’ என்று இந்த வயதுப் பிள்ளைகளிடம் சொல்லவே கூடாது. அவர்களால் வேகத்தைச் சட்டென்று குறைக்க முடியாது. சுவருக்குச் சில அடிகள் முன்பாகவே எல்லைக் கோட்டைப் போட்டுவிடுங்கள். காலுறையுடன் ஓடவிடாதீர்கள், வெறுங்காலே மாபிளுக்கு நல்லது. மழை நாட்களில் வாசலில் இருந்து வரும் ஈரத்தைத் துடைத்த பின்னரே ஆட்டத்தைத் தொடங்குங்கள். புழுக்கம் மிகுந்த நாட்களில் சிறிது நேரம் ஓட்டம், பின்பு தண்ணீர், மீண்டும் ஓட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பதும் அவசியம்.

ஆனால் கொட்டாஞ்சேனை ஆசிரியையின் கருத்தில் ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். வெற்றி தோல்வியை முற்றாக நீக்க வேண்டியதில்லை. மண்டபத்தின் நடுவே கோடு கிழித்து, இரு பக்கமும் துணிப்பந்துகளைப் போட்டு, தம் பக்கத்தில் உள்ளவற்றை மறுபக்கம் எறியச் சொல்லுங்கள். விசில் ஊதியதும் எண்ணிப் பார்த்தால் ஒரு குழு வெல்லும், ஆனாலும் எவரும் வெளியேறியிருக்கமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நாளையே கரையோர ரயிலைத் தொடங்குகிறேன். சேலையை எல்லோரும் சேர்ந்து பிடித்துப் பந்தைத் துள்ளவைக்கும் விளையாட்டு ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறேன். 18 பேருக்கு ஒரு சேலை போதுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை, கொட்டாஞ்சேனை

போதும், தங்கச்சி. சேலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளம் என்பதால் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் தாராளமாக நிற்கலாம். நைலோன் சேலை சின்னக் கைகளிலிருந்து நழுவும். பழைய நூற்சேலையாகப் பார்த்து எடுத்து, பிடிப்பதற்கு வசதியாக ஓரத்தை ஒருமுறை மடித்துத் தைத்துவிடுங்கள். ‘கடல் அமைதி’ என்றால் குந்த வேண்டும், ‘புயல்’ என்றால் எழும்பி உதற வேண்டும். குந்தி எழும்புவதில் கால்களுக்கும், உதறுவதில் தோள்களுக்கும் நல்ல வேலை கிடைக்கும். சேலையைப் பிடித்தபடி நடக்கவோ ஓடவோ மட்டும் விடாதீர்கள், கால் தடக்கும்.