மூன்று பாய்மரக் கப்பல் மாதிரி: உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் வேண்டும்

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அப்பா

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் பள்ளிக் கண்காட்சிக்குப் பாய்மரக் கப்பல் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். மூங்கில் குச்சி, பழைய வேட்டித் துணி, தையல் நூல், அவ்வளவுதான் சாமான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், மூன்று மாஸ்ட். கப்பல் நன்றாகவே வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு உறுப்புக்கும் சின்ன அட்டையில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். தமிழ் வழி வகுப்பு என்பதால் பெயரெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

மாஸ்ட் என்றால் பாய்மரம், சரி. அதன்மேல் குறுக்கே கிடக்கிற யார்டுக்கு என்ன பெயர்? பாயின் அடியில் படுத்திருக்கிற பூம்? கயிற்றில் மட்டும் ஹல்யார்ட், ஷீட், ஸ்டே, ஷ்ரவுட் என்று நாலு வகை படத்தில் இருக்கிறது. ஷீட் என்பது பாயா கயிறா என்றே எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. "எல்லா அட்டையிலும் கயிறு, கயிறு என்று எழுதினால் பார்க்கிறவர்களுக்கு என்ன விளங்கும்?" என்று மகள் கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான்.

நாங்கள் தாமிரவருணிக் கரைக்காரர்கள். திருச்செந்தூரில் முழுக்குப் போடுவதோடு எங்கள் கடல் முடிந்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி.

பதில்: புன்னைக்காயல்

தம்பி, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. பாய் விரித்துத் தொழில் பார்த்த வீட்டில் யாரும் வெறுமனே "கயிறு" என்று சொல்ல மாட்டார்கள். "கயிற்றைப் பிடி" என்றால் எந்தக் கயிற்றை? காற்று மாறுகிற நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தது. என் அப்பா வள்ளத்தில் பாய் எடுத்துக் கடலுக்குப் போனவர். மோட்டார் வருவதற்கு முன்னால் நானும் அவரோடு போயிருக்கிறேன். அங்கே புழங்கிய பெயர்களைத்தான் சொல்கிறேன்.

யார்டுக்குப் பருமல் என்று எழுதுங்கள். பாயைத் தாங்குகிற மரம் அது. உங்கள் மகள் செய்கிற கப்பலில் பாய் சதுரமாக இருக்கும், பருமல் சிலுவை மாதிரி குறுக்கே கிடக்கும். எங்கள் வள்ளத்துப் பாய் முக்கோணம். பருமலும் சரிந்து கிடக்கும்: ஒரு முனை அணியத்துப் பக்கம் தாழ்ந்து, மறு முனை வானத்தைப் பார்த்து. அணியம் என்றால் முன்பக்கம், அமரம் என்றால் பின்பக்கம். இந்த இரண்டுக்கும் கட்டாயம் அட்டை வையுங்கள். எங்கள் கரையில் இன்றைக்கும் ஃபைபர் படகில் போகிற பையன்கூட இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறான்.

ஹல்யார்ட் என்பது ஆஞ்சான். பருமலை மேலே ஏற்றுகிற கயிறு. பாய்மரத்தின் தலையில் இருக்கிற கப்பி வழியாகப் போய்க் கீழே வரும். பருமல் லேசுப்பட்டது இல்லை. மூங்கிலோடு மூங்கில் சேர்த்து இறுக்கிக் கட்டியது, அதோடு ஈரம் ஏறிய பாயின் கனமும் சேரும். இரண்டு பேர் ஆஞ்சானில் தொங்குகிற மாதிரி இழுத்தால்தான் ஏறும். பாதி ஏறியதுமே காற்று பாய்க்குள் புகுந்து படபடவென்று அடிக்கும். அந்த நேரத்தில் கை தளர்ந்தால் உள்ளங்கைத் தோல் போய்விடும். அப்பா கையில் அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

ஷீட் என்பது கயிறுதான், பாய் இல்லை. வீட்டில் கயிறு என்று சொன்ன கட்சிக்கே வெற்றி. அதற்குத் தாமான் என்று பெயர். பாயின் கீழ் மூலையில் கட்டியிருக்கும். அதை இழுத்தால் பாய் இறுகும், விட்டால் பாய் காற்றை உதறிவிடும். வள்ளத்தில் ரொம்பப் பொறுப்பான வேலை தாமானைப் பிடிப்பதுதான் என்பேன். சுக்கானில் பிழை செய்தால் திசை மாறும், திருத்திக்கொள்ளலாம். கச்சான் காற்று ஓங்கி அடிக்கும்போது தாமானை விட வேண்டிய நொடியில் விடாவிட்டால் வள்ளமே கவிழும். அதனால் அதை எங்கேயும் முடிச்சுப் போட்டு நிரந்தரமாகக் கட்ட மாட்டார்கள். கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்திருப்பார்கள். உங்கள் மகளுடைய சதுரப் பாய்க்குக் கீழ் மூலை இரண்டு. இரண்டிலும் தாமான் வரும்.

பூம் எங்கள் பாய்க்குக் கிடையாது. "பாயின் அடிமரம்" என்று எழுதினால் பார்த்ததும் புரிந்துவிடும். ஸ்டே, ஷ்ரவுட் இரண்டும் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துகிற கயிறுகள். முன்பிடி கயிறு, பக்கப்பிடி கயிறு என்று எழுதுங்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன். கயிறுகளை இரண்டு நிற நூலில் கட்டச் சொல்லுங்கள். பாய்மரத்தைப் பிடிக்கிற கயிறு ஒருமுறை கட்டினால் அசையாது, அதற்குக் கறுப்பு. ஆஞ்சான், தாமான் மாதிரி ஓடுகிற, இழுபடுகிற கயிறுகளுக்கு வெள்ளை அல்லது பழுப்பு. பெரிய பாய்க்கப்பல்களிலும் நிற்கிற கயிற்றுக்குத் தார் பூசிக் கறுப்பாகத்தான் வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அட்டையைப் படிக்காமலே பாதி விளங்கும்.

உடம்புப் பகுதிக்கு: அடியில் நெடுக ஓடுகிற முதுகெலும்பு மரம் ஏரா, அதிலிருந்து விலா மாதிரி எழும்புகிற சட்டங்கள் வங்கு. சுக்கானும் நங்கூரமும் உங்களுக்கே தெரியும்.

பதில்: வள்ளியூர், கடற்படையில் இருந்தவன்

அண்ணாச்சி சொன்னதோடு மூன்று பாய்மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. முன்னால் இருப்பது ஃபோர் மாஸ்ட், நடுவில் இருப்பது மெயின் மாஸ்ட், பின்னால் இருப்பது மிசன் மாஸ்ட். தமிழில் முன் பாய்மரம், பெரிய பாய்மரம், பின் பாய்மரம் என்று எழுதலாம். மூன்று மரமுள்ள கப்பலில் பொதுவாக நடுவில் இருப்பதுதான் உயரம். மகள் மூன்றையும் ஒரே அளவில் வெட்டியிருந்தால் நடுமரத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பெரிய கப்பலில் பாய்மரம் என்பது ஒரே மரம் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு ஒற்றை மரம் கிடைக்காது. அடிமரம், அதன்மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று அடுக்கிப் பிணைத்திருப்பார்கள். புயலில் மேல்மரங்களை மட்டும் இறக்கி வைக்கவும் அது வசதி.

மூன்று மரத்திலும் சதுரப் பாய் இருந்தால் அது ஒரு வகைக் கப்பல். முன் இரண்டிலும் சதுரப் பாய், பின்மரத்தில் மட்டும் நெடுக்காக ஓடும் பாய் என்றால் அதற்கு பார்க் என்று பெயர். நம் கடற்படையின் ஐ.என்.எஸ். தரங்கிணி அந்த வகை. கோவாவில் கட்டி 1997-ல் படையில் சேர்த்தார்கள், 2003-04-ல் உலகத்தையே சுற்றி வந்தது. இளம் அதிகாரிகளுக்கு அதில் பயிற்சி கொடுக்கிறார்கள். ராடார், செயற்கைக்கோள் எல்லாம் வந்த பிறகும் பருமல்மேல் ஏறிப் பாய் சுருட்டக் கற்றுக்கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் உடம்பால் அறிந்தவன் கடலை லேசாக நினைக்க மாட்டான். மகளுக்குப் பார்த்துச் செய்ய ஒரு படம் வேண்டுமென்றால் தரங்கிணி படத்தை எடுத்துக் கொடுங்கள். நம் நாட்டுக் கப்பல், மூன்று பாய்மரம், எல்லாக் கயிறும் தெளிவாகத் தெரியும்.

பக்கப்பிடி கயிறு எதற்கு என்று யாராவது கேட்டால் விஜயநாராயணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் வானலைக்கு நிறுத்தியிருக்கிற உயரமான கம்பங்களை நாலா பக்கமும் கம்பி கட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கம்பத்துக்கும் மாஸ்ட் என்றுதான் பெயர். ஒரு பக்கத்துக் கம்பி தளர்ந்தாலும் கம்பம் நிற்காது.

பதில்: மணப்பாடு

அண்ணே, பின் பாய்மரத்துக்கு அட்டை எழுதும்போது எங்கள் ஊரையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1540-ஆம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று நடுக்கடலில் புயலில் சிக்கியது, பாய்கள் கிழிந்தன, பின் பாய்மரம் முறிந்தது என்று எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தால் முறிந்த அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டானாம். கப்பல் ஒதுங்கியது எங்கள் மணல்குன்றின் அடியில். அப்படியே சிலுவை செய்து குன்றின்மேல் நட்டான் என்பது வரலாறு. 1542-ல் இந்தியாவுக்கு வந்த புனித சவேரியார் பிறகு இந்தக் கரைக்கு வந்து தங்கி ஜெபித்த குகையும் அந்தக் குன்றில்தான் இருக்கிறது. திருச்சிலுவைக் கோயில் 1581-ல் எழுந்தது. செப்டம்பரில் திருவிழா, 14-ஆம் தேதிதான் பெரிய நாள்.

சின்ன வயதில் எங்களுக்கு அது சிலுவை மட்டும்தான். பெரியவர்கள் "இது பாய்மரம்லா" என்று சொல்லும்போதுதான் ஒரு மரம் முறிந்தால் கடலில் எத்தனை பேர் உயிர் ஊசலாடும் என்று யோசித்தோம். கண்காட்சி முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திருச்செந்தூரிலிருந்து பக்கம்தான். குன்றின்மேல் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

பதில்: தமிழாசிரியர், ஆழ்வார்திருநகரி

இலக்கியத்திலிருந்தும் இரண்டு அட்டை எழுதலாம். பாய்மரத்துக்குச் சங்கத் தமிழில் கூம்பு என்று பெயர். பாய்க்கு இதை என்று பெயர். புறநானூற்று 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், "கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்" என்கிறார். பாய்மரத்தையும் மேல்பாயையும் எடுக்காமல், மேலே ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல் பெரிய கப்பல் அப்படியே ஆற்றுமுகத்துக்குள் நுழைந்தது என்று பொருள்.

அது வெறும் புகழ்ச்சி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆற்றுவாயில் ஆழம் போதாவிட்டால் வெளியே நின்று சரக்கைக் குறைத்துத்தான் உள்ளே வர முடியும். புகாரில் அந்தத் தேவை இல்லை, அவ்வளவு ஆழம் என்று புலவர் கப்பல்காரன் கண்ணோடு பார்த்துச் சொல்கிறார். நம் கொற்கையை நினைத்துக்கொள்ளுங்கள். முத்துக்குப் பேர்போன பாண்டியன் துறை. தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கி, இன்றைக்கு வயலுக்கு நடுவில் ஓர் ஊர்.

மேலே இருக்கிற பாய்க்கு, அதாவது டாப் செயிலுக்கு, "மீப்பாய்" என்று தாராளமாக எழுதலாம். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கேட்டவரின் பதில்

அண்ணாச்சி, அக்கா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. அட்டைகளை எழுதி முடித்துவிட்டாள். நிற நூல் யோசனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கறுப்பு நூலையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். இன்னும் ஒரு சந்தேகம். பாய்மரத்தை மேல்தளத்தில் துளை போட்டுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள், தொட்டால் ஆடுகிறது. நிஜக் கப்பலில் எப்படி நிறுத்துவார்கள்? எந்த மரத்தில் செய்வார்கள்?

பதில்: புன்னைக்காயல்

மேல்தளத்தில் நிறுத்தினால் ஆடத்தான் செய்யும் தம்பி. பாய்மரத்தின் கால் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய் ஏராவுக்கு மேலே உட்கார வேண்டும். அங்கே ஒரு தடித்த கட்டையில் குழி வெட்டி அதற்குள் காலை இறக்குவார்கள். தளத்தில் இருக்கிற துளை மரத்தை இடுப்பில் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாரம் எல்லாம் ஏராவுக்கு. மகள் கப்பலுக்குள் ஒரு சின்ன மரத்துண்டை அடியில் ஒட்டி, அதில் குழி போட்டு, மூங்கிலை அதுவரை இறக்கட்டும்.

மரத்தைப் பொறுத்தவரை தேக்கு உண்டு, பெரிய கப்பல்களுக்குப் புன்னை இனமும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற கரைப்புன்னை கோணிக்கொண்டு வளரும், பாய்மரத்துக்கு ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அதன் சொந்தக்கார மரம் நேராக, நெடுநெடுவென்று போகும். வெள்ளைக்காரர்கள் அதை "பூன்" என்று சொல்லிக் கப்பல் பாய்மரத்துக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். பாய்மரத்துக்கு முடிச்சு இல்லாத, வளைந்து கொடுக்கிற மரம்தான் வேண்டும். விறைப்பான மரம் காற்றில் பட்டென்று முறிந்துவிடும். அதனால் மூங்கில் நல்ல தேர்வுதான், மாற்ற வேண்டாம்.

கட்டும்போது வரிசையும் முக்கியம். பசை நன்றாகக் காயட்டும். முதலில் இரண்டு பக்கப்பிடி கயிற்றையும் ஒரே இழுப்பில் கட்ட வேண்டும், அப்புறம் முன்பிடி கயிறு. மூன்று மரமும் நேராக நிற்கிறதா என்று அமரத்துப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் பருமலை ஏற்ற வேண்டும். பாய் கடைசியில்.