ஹக்கா பூங்காவுக்குப் போன நித்யா: எங்கள் வீட்டுக் குழுவில்

நித்யா: இன்று லீவு. தைவான் தலைநகர் தைபேயில் இருக்கிற ஹக்கா கலாச்சாரப் பூங்காவுக்குப் போய் வந்தேன், படங்கள் அப்புறம் போடுகிறேன்.

அம்மா: ஹக்கா என்றால் நூடுல்ஸ்தானேடி?

நித்யா: அந்தப் பெயர் கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களால் வந்ததும்மா. ஹக்கா என்றால் விருந்தாளிக் குடும்பம் என்று அர்த்தம். வடக்கிலிருந்து தென் சீனாவுக்குப் பிழைக்க வந்தவர்களை அங்கே அப்படிச் சொல்லி, அதுவே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. எத்தனை தலைமுறை ஆனாலும் விருந்தாளிதானா என்று எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா: பூங்காவில் என்ன விசேஷம்?

நித்யா: ஊருக்கு நடுவில் சின்ன வயல், நீர்ச்சக்கரம், தேயிலை வைத்த மேடு எல்லாம் இருக்கிறது பெரியப்பா. 2011இல் திறந்தது. மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம்.

அம்மா: என்ன சாப்பிட்டாய்?

நித்யா: பக்கத்துக் கடையில் லேய் சா, அதாவது ஹக்காக்காரர்களின் அரைத்த தேநீர். நாமே அரைக்க வேண்டும். மண்சட்டிக்கு உள்ளே முழுக்க வரிவரியாகக் கீறியிருக்கும், கொய்யாக் கட்டையால் தேயிலை, எள், வேர்க்கடலை மூன்றையும் எண்ணெய் விடுகிற வரை அரைத்தேன், தோள் கடுத்துவிட்டது. வெந்நீர் ஊற்றி மேலே பொரி தூவிக் குடித்தால் அப்படியே நம் எள்ளுருண்டை வாசம்மா!

கார்த்தி: அவர்கள் பாஷையை இன்னும் பேசுகிறார்களா அக்கா?

நித்யா: அதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் மாண்டரின் என்கிற பொதுச் சீன மொழி தவிர வேறு பேசினால் பிள்ளைகளுக்குத் தண்டனை. 1988 டிசம்பர் 28 அன்று ஹக்கா மக்கள் இதே தைபே தெருவில் இறங்கி 'எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு' என்று ஊர்வலம் போனார்கள். இப்போது மெட்ரோ அறிவிப்பிலேயே ஹக்கா வருகிறது, 2018இல் சட்டத்திலும் தேசிய மொழி ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் பூங்காவில் ஒரு பாட்டி பேத்தியிடம் ஹக்காவில் பேசப் பேச, அது மாண்டரினிலேயே பதில் சொன்னது.

பெரியப்பா: அடடா.

அம்மா: ஒரு வார்த்தைகூட வரவில்லையா குழந்தைக்கு?

நித்யா: பாட்டி ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டே 'அன் சூ சே' என்றது. ஹக்காவில் நன்றி. பாட்டி இன்னொரு சுளையை நீட்டி மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அம்மா: படம் எடுத்தாயா?

நித்யா: இல்லைம்மா. கேட்காமல் எப்படி எடுப்பது?