விமானக் கிளப்பில் எல்லோரும் பாராட்டினார்கள், எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மேற்குக்காற்று, விக்டோரியா

போன மார்ச். அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார், 71 வயது. என் சின்ன விமானத்தில் பயணியை ஏற்றிக்கொள்ளும் அனுமதி எனக்குக் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலை 8 மணி, காற்றே இல்லை. ரன்-அப்பில், அதாவது கிளம்புமுன் தரையில் என்ஜினைச் சோதித்ததில், எல்லாம் சரியாக இருந்தது.

300 அடியில் என்ஜின் உதற ஆரம்பித்தது. நிற்கவில்லை. 5,200இல் இருந்த ஆர்பிஎம் (என்ஜினின் நிமிடச் சுழற்சி) 3,900க்கு இறங்கி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. அடியோடு நின்றிருந்தால் மூக்கைத் தாழ்த்தி எதிரே ஆடு மேய்ந்துகொண்டிருந்த பேடாக்கில் இறக்கியிருப்பேன். அதைத்தான் இன்ஸ்ட்ரக்டரோடு திரும்பத் திரும்பப் பழகியிருந்தேன். இது நிற்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அப்பா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, "அங்க பாருப்பா, எவ்வளவு ஆடு" என்றார். உதறல் எல்லாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் இடது பக்கம் திருப்பினேன். யோசித்துத் திருப்பவில்லை, கை திருப்பிவிட்டது. என் ஜன்னல் முழுக்க யூகலிப்டஸ் மரம், அவர் ஜன்னல் முழுக்க வானம். ஸ்டிக்கில் பிடிமானம் போனது. வேகம் போதாமல் இறக்கை விமானத்தைத் தாங்க முடியாத நிலை வருகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் வார்னிங் ஒரே ஒரு தடவை விக்கல் மாதிரி கத்திவிட்டு நின்றது. அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. ரன்வேயில் எதிர்ப்பக்கமாக இறங்கி, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம்.

அன்று மாலை பார்பிக்யூவில் எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். ஒரு மூத்த உறுப்பினர் புது மாணவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, எப்படித் திரும்பி வந்தேன் என்று என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுதான் உறுத்துகிறது. 300 அடியில் திரும்பலாம் என்றல்லவா அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள்?

நடந்ததைப் பற்றி ரிப்போர்ட் எழுதவில்லை. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

பனைமரம், மெல்பர்ன்

அண்ணை, நீங்கள் எழுதினதால் நானும் எழுதுகிறேன். மனிசிக்கே இதை முழுசாகச் சொல்லவில்லை.

ஷெப்பர்டனில் இருந்து தெற்கே வந்துகொண்டிருந்தேன். பின்னேரம் மகளின் அரங்கேற்றம், ஆறு மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டும். வடக்குப் பக்கம் நல்ல வெயில். தெற்கில் இருந்து ஈரக்காற்று வந்து மலையில் முட்டினால் கில்மோர் கேப் என்கிற கணவாயில் மேகம் எப்படித் தாழ்ந்து கிடக்கும் என்று இங்கே பறக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஹியூம் நெடுஞ்சாலை தெரியும்வரை போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கி இறங்கிப் போனேன். லொறிகளின் விளக்கு தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் தெரியவில்லை.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரும் வெளியே எதுவும் தெரியாதபோது கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரி 178 வினாடி. நான் மேகத்துக்குள் இருந்தது ஒரு 40 வினாடி இருக்கும். நேராகத்தான் போகிறாய் என்று உடம்பு அடித்துச் சொல்கிறது, கண் முன்னால் கொம்பஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நான் கொம்பஸ் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே விழுந்தபோது ஒரு வீட்டின் தகரக் கூரையும் பக்கத்தில் பச்சைத் தண்ணீர்த் தாங்கியும் சாய்ந்து கிடந்தன. சாய்ந்திருந்தது நான். எப்படியோ நிமிர்த்தி, வடக்கே திரும்பி, இங்கே விக்டோரியாவிலேயே இருக்கிற மங்களூர் ஓடுபாதையில் இறக்கினேன். அங்கிருந்து ஒரு சினேகிதன் காரில் கொண்டுவந்து விட்டான். மகள் கடைசி உருப்படி ஆடிக்கொண்டிருந்தாள்.

ஒற்றைஎன்ஜின், குயின்ஸ்லாந்து

மேற்குக்காற்று தம்பிக்கு: நீங்கள் வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள். நேராகப் போய் இறக்கு என்ற விதி என்ஜின் நின்றுபோனால். உங்களுக்கு என்ஜின் நிற்கவில்லை. இருந்த சக்தியை வைத்துத் திரும்பினீர்கள், அப்பாவைப் பத்திரமாக இறக்கினீர்கள். கை கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்தார்கள்.

எனக்கு நடந்தது சின்னது. பண்டபெர்க் பக்கம் 2,500 அடியில் ஓர் ஆப்புவால் கழுகு நேருக்கு நேர் வந்தது. நான் மேலே இழுத்தேன், அது இறக்கையை மடக்கிக் கீழே விழுந்தது. அதன் காலில் இருந்த இறகு தெரிகிற தூரம். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் 22 வருஷமாகப் பறக்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்று கொடுப்பதை, மறக்காதீர்கள். கார்புரேட்டர் உள்ள எல்லோருக்கும் சொல்கிறேன். இந்த வெயிலில் ஐஸ் எங்கே வரும் என்று புதியவர்கள் கேட்கிறார்கள். வெளியே 20 டிகிரிக்கு மேல் இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டரின் தொண்டைக்குள் ஐஸ் பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் முக்கியக் காரணம். அடுத்தது, ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னால் டேங்கிலிருந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். இரவு முழுக்க வெளியே நின்ற விமானத்தில் தண்ணீர் சேரும். உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிகிற குடுவையில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்தது, விழுந்தால் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். 50 கடல் மைலைத் தாண்டினால்தான் கட்டாயம் என்று ஹேங்கரிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மரத்துக்குள் விழுந்தால் 5 மைலும் 50 மைலும் ஒன்றுதான். அதைப் பின்சீட்டுப் பையில் வைக்காதீர்கள், உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் வெளிச்சம். இருட்டுவதற்கு 10 நிமிஷம் முன்னால் தரையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கம் சூரியன் விழுந்தால் இருட்டு மளமளவென்று வந்துவிடும். அதனால் நான் எப்போதும் அரை மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

தென்றல், நியூ சவுத் வேல்ஸ்

ஒற்றைஎன்ஜின் சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், முதல் பத்தி தவறு. புதிதாகப் பறப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் விட்டுவிட முடியவில்லை.

விபத்துகளை ஆராயும் ஏடிஎஸ்பி இதைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2010 வரை, ஒற்றை என்ஜின் விமானங்களில் டேக்-ஆஃப் ஆனதும் என்ஜின் அடியோடு நிற்காமல் சக்தி மட்டும் குறைந்ததாக வந்த தகவல்கள் 242. அவற்றில் 9 சம்பவங்களில் உயிர் போயிருக்கிறது. முழுதாக நின்றுபோனவை 75. அவற்றில் ஓர் உயிரும் போகவில்லை. அடியோடு நின்றுபோனவருக்கு வேறு வழி இல்லை, நேராக இறக்கிவிடுகிறார். அரைகுறையாக ஓடுகிற என்ஜின்தான் "வா, வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஆசை காட்டுகிறது. 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 60 டிகிரிக்கு ஐந்தில் இரண்டு. மரம் நெருங்கி வரும்போது எத்தனை டிகிரி சாய்த்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? மேற்குக்காற்று கேட்ட அந்த விக்கல் அதுதான்.

இனி என் கதை. சிட்னிக்குத் தென்மேற்கே ஒரு புல் ரன்வே. பேஸிலிருந்து ஃபைனலுக்கு, அதாவது இறங்குவதற்காக ரன்வேக்கு நேராக, திரும்பிக்கொண்டிருந்தேன், தனியாக. திடீரென்று நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு விமானத்தின் வயிறு. என்ஜினிலிருந்து வால் வரைக்கும் எண்ணெய்க் கோடு ஒழுகியிருந்தது, அதை என்னால் இப்போதுகூட வரைந்து காட்ட முடியும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரேடியோவில் எல்லா அழைப்பையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார், ஆனால் 126.7இல். எங்கள் ஓடுபாதைக்கு வேறு அலைவரிசை.

நான் ரிப்போர்ட் எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை, விமானத்தின் நிறத்தைக்கூட எழுதவில்லை. ஆனாலும் கிளப்பில் நான் போட்டுக்கொடுத்தவள் ஆகிவிட்டேன். நான் போய் உட்கார்ந்தால் அந்த மேஜையில் பேச்சு நின்றுவிடும். மூன்று மாதம் அப்படி இருந்தது. உண்மையில் அந்த மனிதர் ஒருவர்தான் என்னிடம் வந்து நேராகப் பேசினார். அன்றிலிருந்து அலைவரிசையை ஒரு டேப்பில் எழுதிப் பேனலில் ஒட்டிக்கொண்டிருக்கிறாராம்.

மேற்குக்காற்று ஏன் எழுதவில்லை என்று நான் கேட்க மாட்டேன்.

கென்ட் மேகம், இங்கிலாந்து

இங்கே 1982 முதல், இப்படி நடந்ததை எழுதி அனுப்ப சிர்ப் என்று ஒரு திட்டம் இருக்கிறது, எழுதுகிறவரின் பெயர் வெளியே போகாது. உங்கள் நாட்டில் அதே மாதிரி ரெப்கான் இருக்கிறதே, அதில் எழுதியிருக்கலாமே தென்றல்?

என்னுடையது எடை. எங்கள் மைக்ரோலைட்டின் (எடை குறைந்த சின்ன விமானம்) எடை வரம்பு 2021இல்தான் 600 கிலோவுக்கு உயர்ந்தது. நான் சொல்வது அதற்கு முந்தைய கதை, 450 கிலோ காலம். இரண்டு பெரிய ஆட்கள் ஏறினால் பெட்ரோலைக் குறைத்தே ஆக வேண்டும். அண்ணியின் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தார். எடை என்ன என்று கேட்டேன், 80 என்றார். பார்த்தாலே தெரிந்தது 80 இல்லை. வந்திருக்கிற விருந்தாளியைத் தராசில் ஏறச் சொல்வதா என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். புல் ஈரம். பாதி ரன்வே போயும் சக்கரம் தரையை விடவில்லை. த்ராட்டிலை அப்போதே மூடியிருக்க வேண்டும். கடைசியில் இருந்த முள்வேலி முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. இறங்கிய பிறகு பார்த்தால் வலது சக்கரத்தின் அச்சில் ஒரு கொத்துப் பூ சிக்கியிருந்தது. அவர் அதை எடுத்து, அழகாக இருக்கிறது என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

இப்போது ஹேங்கர் வாசலில் ஒரு குளியலறைத் தராசு வைத்திருக்கிறேன். முதலில் நான் ஏறி என் எடையைச் சத்தமாகச் சொல்வேன், அப்புறம் யாரும் மறுப்பதில்லை.

தென்றல், நியூ சவுத் வேல்ஸ்

கென்ட் மேகம், ரெப்கான் தெரியும். ஆனால் எங்கள் இடத்தில் மொத்தமே 14 விமானம். அந்தச் சனிக்கிழமை காலை யார் யார் பறந்தார்கள் என்று டீ போடுகிறவருக்குக்கூடத் தெரியும். மேலே பெயரை மறைத்தாலும் கீழே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நான் எதிர்பார்த்தது வேறு: கமிட்டியில் ஒருவராவது எழுந்து, "நல்ல வேளை எழுதினாய்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம்.

ஒற்றைஎன்ஜின், குயின்ஸ்லாந்து

தென்றல் மேடம், அந்த அறிக்கையை நேற்று இரவு எடுத்துப் படித்தேன். எண்கள் நீங்கள் சொன்னபடிதான் இருக்கின்றன. டேக்-ஆஃபுக்கு முன்னாலேயே எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொள்வதைப் பற்றி அதில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. மனதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி, நீங்கள் திரும்பியது சரி என்று நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

பனைமரம், மெல்பர்ன்

அண்ணை, என்ஜினில் என்ன பிழை என்று கடைசிவரை சொல்லவில்லையே?

மேற்குக்காற்று, விக்டோரியா

சொல்கிறேன். அதனால்தான் ரிப்போர்ட் எழுதவில்லை.

என்ஜினில் இரண்டு கார்புரேட்டர். இடது பக்கக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் ஒரு ரப்பர் சீவல் கிடந்தது, அரிசியில் பாதி இருக்கும். பெட்ரோல் போகும் ஜெட் துளையை அடைத்து, அந்தப் பக்கத்து சிலிண்டர்கள் பட்டினி கிடந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபியூல் ஹோஸை மாற்றியது நான். புது ஹோஸ் இறுக்கமாக இருந்தது, திருகித் திருகிச் சொருகினேன். ஃபிட்டிங்கின் விளிம்பு உள்பக்கத்தைச் சீவிவிட்டது. சொந்த விமானத்தை நாமே பராமரிக்கலாம் என்று அனுமதி இருக்கிறதே, அந்த அனுமதியில் செய்த வேலை. லாக்புக்கில் என் கையெழுத்து. மாட்டிய பிறகு கிண்ணத்தைத் திறந்து பார்த்திருந்தால் 10 நிமிஷ வேலை. கிளப்பில் கேட்டவர்களிடம் "பெட்ரோலில் ஏதோ தூசி" என்றேன்.

அந்தச் சீவலை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒற்றைஎன்ஜின் சார், தென்றல், நீங்கள் இரண்டு பேரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ரிப்போர்ட்டை ஆரம்பித்தேன். ஹோஸ் வரைக்கும் எழுதியாகிவிட்டது. அந்த மூன்று மாணவர்களில் இரண்டு பேரின் நம்பர் என்னிடம் இருக்கிறது, மூன்றாவது பையன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டானாம். தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாய்வு எவ்வளவு இருந்தது, எத்தனை நொடி திரும்பினேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் செல்போனில் எல்லாம் இருக்கிறது. ஆடுகள், அப்புறம் வானம், நடுவில் அந்த விக்கல் சத்தம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். அந்த வீடியோவை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன் என்றேன்.