பால் பைத்தான் இருக்கும் வீட்டில் 3 வயதுக் குழந்தை: சுத்தம், பாதுகாப்பு குறித்துக் கேள்வி

புற்றுமண்:
வணக்கம். தம்பி ஒரு பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை) வளர்க்கிறான். 3 அடி நீளம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தது. வீட்டில் 3 வயதுக் குழந்தையும் 70 வயது அம்மாவும் இருக்கிறார்கள். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை சிங்கில் கழுவுகிறான். பாம்புக்குத் தீனியான உறைந்த எலி, ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கூண்டைப் பினாயில் போட்டுத் துடைக்கிறான். விஷமில்லாத பாம்புதானே என்கிறான். எதையெல்லாம் மாற்றச் சொல்வது? கடித்துவிட்டால் என்ன செய்வது?

சட்டையுரி:
முதலில் பினாயிலை நிறுத்துங்கள். கருப்புப் பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள், வெள்ளையில் பைன் எண்ணெய். இரண்டுமே ஊர்வனவற்றுக்கு நஞ்சு.

விஷம் இல்லை என்பது சரி. ஆனால் இங்கே பயப்பட வேண்டியது சால்மொனெல்லா, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் பாக்டீரியா. அது பாம்பின் குடலில் இருக்கும், மலத்தில் வெளியேறும், தோலிலும் தண்ணீரிலும் கூண்டுச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். பாம்பு பார்க்க நன்றாகவே இருக்கும். 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஊர்வனவற்றைத் தொடவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. உங்கள் வீட்டில் இரண்டு பேர் இதில் வருகிறார்கள். குழந்தை பாம்பைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. தம்பி கழுவாத கையோடு தூக்கினாலே போதும்.

சிங்கில் கழுவுவது இன்றோடு முடியட்டும். பாம்புக்கென்று ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு துணி. கழுவிய தண்ணீர் கழிவறையில் போகட்டும். கிண்ணத்தை முதலில் சோப்பால் தேய்த்து அழுக்கை எடுத்துவிட வேண்டும். அழுக்கு இருந்தால் பிளீச் அதிலேயே செலவாகிவிடும், கிருமி தப்பிவிடும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் 30 மில்லி கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாடை போகும்வரை காயவிடுங்கள். கூண்டுக்கும் இதே முறைதான், பாம்பை வேறு அறைக்கு மாற்றிவிட்டு. பிளீச்சோடு கழிவறை ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு வரும்.

எலியை மறந்துவிடாதீர்கள். உறையவைத்தால் சால்மொனெல்லா சாகாது. 2010 வாக்கில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் நோயுற்றதற்கு உறைந்த தீனி எலிகளே காரணம் என்று கண்டறிந்தார்கள். தனி ஃப்ரீசர் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இரட்டைப் பையில் கட்டி, மூடியுள்ள டப்பாவில் அடியில் வைக்கலாம். மீன் பக்கம் கூடாது. பையோடு குளிர்ந்த நீரில் போட்டு உறைவை நீக்கிவிட்டு, 40 டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் சூடேறிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து வயிறு வெடிக்கும். பாம்பு தொடாத எலி காலையில் குப்பைக்கு. திரும்ப உறையவைக்கக் கூடாது.

புற்றுமண்:
மிக்க நன்றி. மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் குழந்தை தொடலாமா? சானிடைசர் போதுமா?

சட்டையுரி:
தொடக் கூடாது. கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும். இன்று இல்லை என்றால் அடுத்த வாரம் இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழிக்கப் பார்ப்பதும் தவறு, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். சானிடைசர் அழுக்கான கையில் சரியாக வேலை செய்யாது. சோப்பு, ஓடும் தண்ணீர், 20 விநாடி.

கல்லிடுக்கு:
தூக்குவது பற்றிச் சொல்கிறேன். தூக்கும் முன்பும் கை கழுவ வேண்டும். எலி வாடை இருந்தால் கையை இரை என்று நினைத்துக் கவ்வும். பால் பைத்தான் கடிகளில் நிறைய இப்படி வருவதுதான். கொக்கியால் உடம்பை மெல்லத் தொட்டு, இது தீனி நேரம் இல்லை என்று உணர்த்திய பிறகு, நடு உடம்பில் இரண்டு கையாலும் தாங்கித் தூக்கவும். தலையைப் பிடிக்கக் கூடாது. தின்ற பிறகு 48 மணி நேரத்துக்குள் தொட்டால் கக்கிவிடக்கூடும். கண் நீலம் பூத்து சட்டை உரிக்கப்போகும்போதும் விட்டுவிடுங்கள். தீனிக்கு 30 செ.மீ. இடுக்கி அவசியம். முகத்தருகே கொண்டுபோவது, முத்தம் கொடுப்பது கூடவே கூடாது. கூண்டுக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிரண்டு கடித்தால் உடனே விட்டுவிடும். இரை என்று கவ்வினால் சுற்றிக்கொள்ளும். பல் உள்நோக்கி வளைந்தது, இழுத்தால் தோல் கிழியும், பல் உடைந்து உள்ளே நிற்கும். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். வால் பக்கத்திலிருந்து சுற்றை அவிழ்க்கலாம். பிறகு ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 5 நிமிடம் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பாம்புக்கடி என்று மட்டும் சொல்லாமல், விஷமில்லாத பால் பைத்தான், வீட்டில் வளர்ப்பது என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து தேவையில்லை.

சட்டையுரி:
இன்னொன்று. குழந்தைக்கோ அம்மாவுக்கோ காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் வீட்டில் பாம்பு இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மலத்தை சால்மொனெல்லாவுக்குச் சோதிக்க அப்போதுதான் அவருக்குத் தோன்றும்.